எட்டுக் குட்டிகளும் ஒரு கடிதமும்

கீரிமலையிலிருந்து இல்லத்தரசியார் ஒருவர் நான்கு பக்கத்தில் எமக்கொரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் வீட்டிலே லாபிரடோர் இனத்துப் பெட்டை நாயொன்று நிற்கின்றதாம், வயது மூன்று. அயலூர் அன்பர் ஒருவரிடம் அதே இனத்துக் கடுவன் உண்டு. இரண்டையும் இணை சேர்த்தால், ஈற்றிலே தமக்கொரு குட்டி தந்தாற் போதும், மிகுதியெல்லாம் உங்களுக்கே என்று அவ்வன்பர் சொல்லியிருக்கின்றார். உயர்தர வகுப்பிலே படிக்கும் மகன் இதற்குள்ளாகவே ஆறு பேரிடம் பேசி வைத்துவிட்டான். குட்டி விற்ற பணத்திலே மடிக்கணினி வாங்கலாமென்பது அவன் போட்ட கணக்கு. "பெட்டை நாய் ஒருமுறையேனும் ஈன்றாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு நோய் வரும்" என்பது மாமியாரின் தீர்ப்பு. "எல்லாரும் ஒரு பக்கம் நிற்கின்றார்கள், எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லையென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை" என்று முடிக்கின்றார் அம்மையார்.

ஏன் ஒப்பவில்லையென்பது எமக்குத் தெரியும் போலத் தோன்றுகின்றது. அம்மையார் கீரிமலையிலே வாழ்பவர். கேணியடிக்கு நாள்தோறும் போகாவிட்டாலும் ஆடியமாவாசையன்றேனும் போயிருப்பார். தந்தையருக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆயிரக்கணக்கானோர் கூடும் அந்நாளிலே, கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, சிந்திய சோற்றுக்குக் காத்திருக்கும் நாய்களை நாமும் கண்டிருக்கின்றோம். முலை தொங்கி விலாவெலும்பு தெரியும் பெட்டை நாய்களே அவற்றுட் பல. அவை அங்கே தாமாக வந்து குடியேறியவையல்ல. இரவிலே சாக்கிற் கட்டிக் கொண்டுவந்து கோயில் வீதியிலும் சந்தையடியிலும் அவிழ்த்து விடப்பட்ட குட்டிகளும், அவற்றின் வழிவந்தவையுமே எம்மூர்களில் இப்படி நிற்பவை. கடுவன் குட்டியை யாரேனும் கேட்டு வாங்குவர். பெட்டைக் குட்டியை ஒருவரும் கேளார். "கோயிலடியில் விட்டால் சோறாவது கிடைக்கும்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விட்டுவிட்டுப் போகின்றோம். கோயிலடியாகையாற் பாவமும் அங்கேயே கழிந்துவிடுமென்ற எண்ணம் போலும்!

"லாபிரடோர்க் குட்டியை யார் வீதியில் விடுவர்? அதற்குத்தான் நல்ல விலை கிடைக்குமே!" என்று மகன் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அக்குட்டியை வீதியில் விடமாட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய வீட்டிலே சில மாதங்கள் அது செல்லமாக வளரும். ஓராண்டு நிரம்புமளவிலே பெட்டைக்குப் பருவம் வரும். வேலியைப் பிரித்துக்கொண்டு ஊர்க் கடுவன்களெல்லாம் வளவுக்குள் வந்து நிற்கும். இரண்டு மாதத்தின் பின், வீட்டுக்காரர் எதிர்பாராத ஈற்றொன்று தாவாரத்திலே கிடக்கும். சாக்குத் தேடுவது அப்போதுதான். நாம் விற்ற குட்டியின் குட்டிகள் அவை. ஆதலின் எம் கணக்கு எம் வீட்டுப் படலையோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் மாமியாருக்கு மறுமொழி கூறிவிடுவோம். பெரியவர்களைக் காத்திருக்க வைத்தல் முறையன்று. ஒருமுறை ஈன்றால் நாய்க்கு நலம் உண்டாகும் என்ற நம்பிக்கை எம்மவரிடம் மட்டுமன்று, பல நாடுகளிலும் இருந்துவருகின்றது. மிருக வைத்தியம் அதனை ஏற்பதில்லை. ஈனாமையால் நாய்க்கு வரும் நோய் எதுவுமில்லை. ஆனால் கருப்பை எடுக்கப்படாத நாய்க்கு, அது ஈன்றதாயினும் ஈனாததாயினும், வயது ஏறியபின் கருப்பையிற் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. பருவம் கழிந்த சில வாரங்களிலே நாய் மிகுதியாக நீர் குடித்து, உணவை வெறுத்து, சோர்ந்து கிடக்குமாயின் அதுவாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும், மறுநாள் பார்க்கலாமென்று இருத்தல் ஆகாது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த நாய்க்கு இந்த ஆபத்து இல்லை. இளவயதிலே செய்திருந்தால் முலைக்கட்டிகளும் அரிது. ஆகவே மாமியார் அஞ்சும் நோய்க்கு மருந்து குட்டியன்று, வைத்தியரின் கத்தியே. இதனை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுக. எம் பெயரை இழுக்க வேண்டாம்.

இனி மகனின் கணக்குக்கு வருவோம். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளையாதலின் அவனுக்குச் சொல்வது எளிது. லாபிரடோர் பெட்டை பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் குட்டி வரை ஈனும். பத்தைத் தாண்டுவதும் உண்டு. எட்டு என்றே வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஏறக்குறைய நான்கு பெட்டையாக இருக்கும். கடுவனின் சொந்தக்காரர் முதலில் வந்து ஒன்றைத் தெரிந்தெடுப்பார். அது கடுவனாகவே இருக்குமென்று நாம் பந்தயம் கட்டுவோம். எஞ்சியவை மூன்று கடுவனும் நான்கு பெட்டையும். தம்பி, நீ பேசி வைத்த ஆறு பேருள் எத்தனை பேர் பெட்டைக் குட்டி கேட்டார்கள்? கேட்டுப் பார்த்தாயா? "குட்டி வேண்டும்" என்று சொன்னவர்களுள் எத்தனை பேர், குட்டி பிறந்து இரண்டு மாதம் கழிந்தபின்னும் அதே சொல்லில் நிற்பார்கள்? ஒருவருக்கு வீடு கட்டும் வேலை தொடங்கிவிடும். இன்னொருவருக்குக் கனடாவுக்கு விசா வந்துவிடும்.

செலவுப் பக்கமும் உண்டு. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஈன்றபின் மூன்றாம் நான்காம் வாரங்களிலே தாய்க்கு வழக்கமான உணவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். குட்டிகள் தாமே உண்ணத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு நான்கு வேளை. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை எட்டுக்கும் பூச்சிமருந்து. ஆறு வாரமானதும் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி தொடங்க வேண்டும். பார்வோ நோய் 1978 ஆம் ஆண்டளவிலே உலகில் தலைகாட்டியது. அன்று தொட்டு இன்றுவரை குட்டிகளுக்கு யமன் அதுவே. ஓர் ஈற்றினுள்ளே புகுந்துவிட்டால், வெள்ளிக்கிழமை துள்ளித் திரிந்தவற்றுட் பாதியைத் திங்கட்கிழமை காணாதிருத்தலும் கூடும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, நடு இரவிலே குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் வயிற்றைக் கீறி எடுக்கவேண்டி வரும். அவ்விரவுக்கு ஒரு வாகனமும் வைத்தியருக்குக் கொடுக்கப் பணமும் முன்னரே வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் கழித்த பின்னர் மடிக்கணினிக்கு எவ்வளவு மிஞ்சுமென்பதை அவனே எழுதிப் பார்க்கட்டும். எட்டுக் குட்டியின் மலத்தை அதிகாலையில் அள்ளுகின்றவர் யார் என்பதனையும் அத்தாளிலேயே எழுதுதல் நன்று. பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளை என்பதனால் அவ்வேலை தாயின் தலையிலேதான் விழும். கடிதம் எழுதிய அம்மையாரின் மனம் ஒப்பாமைக்கு இதுவுமொரு காரணமாக இருக்கலாம்.

எனவே குட்டி விற்றுப் பணம் திரட்டலாமென்று தொடங்குவோர் தொடங்காதிருத்தலே நலம். அப்படியாயின் நல்லினத்து நாயை ஒருவருமே பெருக்கலாகாதா? ஆகும். செய்ய வேண்டியவர்கள் செய்யவே வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால், கூண்டில் அடைத்து ஆண்டுக்கு இருமுறை ஈன வைத்துக் கைப்பேசியிற் படங்காட்டி விற்பவர் கையிலே எல்லாம் போய்விடும். வீட்டிலே ஒன்றிரண்டு நாய் வைத்து, சில ஆண்டுக்கொருமுறை ஓர் ஈற்றெடுத்து, ஒவ்வொரு குட்டியும் எங்கே நிற்கின்றதென்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவரே நல்ல வளர்ப்பாளர். அயல்நாடாகிய இந்தியாவிலே 2017 ஆம் ஆண்டு இதற்கென்றே விதிகள் வகுத்தார்கள். 18 மாதம் நிரம்பாத நாயை இணை சேர்க்கலாகாது. ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்துமுறைக்கு மேல் ஈனலாகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்பன அவற்றுட் சில. எம் நாட்டிலோ நாய்களைப் பதியவேண்டுமென்ற கட்டளைச் சட்டம் 1901 இலேயே வந்தது. சட்டம் முதியதாகிவிட்டது, பதிந்தவர் எத்தனை பேரென்று நாம் கேளாதிருப்பதே மரியாதை. விசர்நாய்க்கடியால் 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் மாண்டார்கள். அத்தொகை இன்று பெரிதுங் குறைந்திருப்பது நாய்களுக்கு ஊசி போட்டமையால். வேண்டாத குட்டிகள் வீதியிற் பெருகப் பெருக, ஊசிக்கு அகப்படாத நாய்களும் பெருகும் என்பதனை மறத்தலாகாது.

சாதி நாய் என்று நாம் பெருமையுடன் சொல்வதிலே 'தூய்மை' என்றொரு சொல் உண்டே, அதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டையே கூறுவோம். விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாயை அறியாதார் இலர். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் துணிவு. 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சற்றுறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளுள் ஒன்றிலே இதுவும் நின்றது. ஆனால் இவ்வினத்திலே பிறவிச் செவிடு உண்டு. காரணம் அந்த வெள்ளைதான். தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருந்து கேள்விப்புலனைக் காக்கின்றன. வெள்ளைமேல் வெள்ளையாகத் தெரிந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டே போனால், அவ்வணுக்கள் காதிலும் இல்லாமற்போகும் குட்டிகள் பிறக்கும். பிறந்து சில வாரங்களுக்குள்ளே காது அவிந்துவிடும். புள்ளி நாயாகிய டல்மேஷனுக்கும் இதே கதை. அமெரிக்காவிலே சோதித்தவற்றுள் நூற்றுக்கு முப்பதளவு ஒரு காதேனும் கேளாதவையாக இருந்தன. வேட்டைக்கும் காவலுக்கும் உரிய நாய்க்குச் செவியைக் காட்டிலும் நிறம் பெரிதாயிற்று. இது நாய் செய்த பிழையன்று.

கீரிமலைக்கு இன்னொரு காரணத்தாலும் இவ்விடயம் பொருத்தமுடையது. கீரிமுகத்தோடிருந்த நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் மூழ்கி முகம் திருந்தப் பெற்றமையால் இத்தலம் கீரிமலை ஆயிற்று என்பது ஐதிகம். குதிரைமுகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லி முகம் திருந்தப் பெற்றமையால் அயலே மாவிட்டபுரமும் பெயர் பெற்றது. பக் என்னும் சப்பை மூக்கு நாயைக் காணுந்தோறும் எமக்கு இக்கதைகளே நினைவுக்கு வருகின்றன. மூக்கு நசுங்கியதே அழகென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தமையால், இன்று அவற்றுட் பல நிம்மதியாக மூச்சுவிட இயலாமற் குறட்டைவிட்டுத் திரிகின்றன. பங்குனி சித்திரை வெயிலிலே ஒழுங்கையைக் கடக்குமுன் இளைத்து விழுகின்றன. அவற்றின் முகத்தைத் திருத்தும் தீர்த்தம் எதுவும் இல்லை. 2024 ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பேர்னாட் முதலான குளிர்நாட்டு இனங்களை அந்நாட்டு வெப்பத்திற்கு ஒவ்வாதவை என ஒதுக்கியது. பனியிற் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த நாயைக் காங்கேசன்துறை வெயிலிலே சங்கிலியிற் கட்டி வைத்திருப்போர் இதனைக் கவனிப்பாராக.

எம்மூரார் இன்றும் அல்சேஷன் என்று அழைக்கும் நாய் ஜெர்மானிய ஆட்டிடை நாயே. முதல் மகாயுத்தத்தின் போது ஜெர்மனி என்ற பெயரையே வெறுத்த ஆங்கிலேயர் அதற்கு இட்ட மாற்றுப் பெயர் அல்சேஷன். 1977 இலே அங்குள்ள கென்னல் கிளப் பழைய பெயரை மீண்டும் ஏற்றது. 1899 இலே இவ்வினத்துக்கு வடிவங்கொடுத்த மாக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்பவர் குதிரைப்படை அதிகாரி. அவருக்கு நாயின் உழைப்பே முதன்மை. பின்வந்தோர் பலருக்கோ சரிந்த முதுகே முதன்மையாயிற்று; இன்று அவ்வினத்தை வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இடுப்பு மூட்டைப் பற்றியது.

அம்மையாரின் லாபிரடோர் இனத்துக்கு வருவோம். நியூபவுண்லாந்து மீனவரோடு நின்று வலையிழுக்க உதவிய நீர்நாய்களின் வழிவந்தது அது. 1903 இலே இங்கிலாந்திற் பதிவு பெற்றது. கீரிமலைக் கடலைக் கண்டால் அது பாய்ந்து விழுவதற்குக் காரணம் அதன் பாட்டனார்களே. இவ்வினத்துக்கும் இடுப்பு மூட்டு நோய் உண்டு. அதனிலும் கள்ளமான குறையொன்றும் உண்டு. விழித்திரை மெல்ல மெல்ல நலிந்து கண் குருடாகும் பரம்பரை நோய் அது. நான்கு ஆறு வயது வரை வெளியே தெரியாதிருத்தலால், குருடாகப்போகும் கடுவன் அதற்கிடையில் எத்தனையோ ஈற்றுக்குத் தந்தையாகிவிடும். தாய்க்கும் தந்தைக்கும் இக்குறை மறைந்து நின்றால், இருவருக்கும் கண் நன்றாகவே தெரியும். குட்டிகளுள் நான்கில் ஒரு பங்குக்கு மட்டும் குறை வெளிப்படும். உயிரியல் படிக்கும் மாணவர் மெண்டலின் பட்டாணியை இங்கே நினைவுகூரலாம். வெளிநாடுகளிலே இரத்தமோ உமிழ்நீரோ எடுத்து மரபணுச் சோதனை செய்தே இணை சேர்க்கின்றார்கள்.

இதனாலேதான் அயலூர் அன்பரின் கடுவன் எங்கிருந்து வந்ததென்று அம்மையார் கேட்டறிய வேண்டுமென்கின்றோம். எம் குடாநாட்டிலே சாதி நாய்கள் ஒரு சில வீடுகளிலிருந்தே பரந்திருக்கக் கூடும். இரண்டும் ஒரே வளர்ப்பாளரிடம் வாங்கியவையாயின், அண்ணன் தங்கையாகவோ தந்தை மகளாகவோ இருத்தலுங் கூடும். மறைந்து நிற்கும் குறை இரு பக்கமும் சந்திப்பது அவ்வாறான இணைப்பிலேதான். கொழும்பிலுள்ள இலங்கைக் கென்னல் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் இருந்தால் மூன்று தலைமுறைப் பெயரைப் பார்த்து இதனை அறியலாம். ஆனால் சான்றிதழ் குலத்தைச் சொல்லுமேயன்றி நலத்தைச் சொல்லாது. இடுப்பு மூட்டை எக்ஸ்கதிர்ப் படமே காட்டும். அதற்கு வழியில்லாதார், ஆறு ஏழு வயது நிரம்பிய பாட்டன் பாட்டி நாய்களைத் தேடிக் காண வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது பின்கால் தடுமாறுகின்றதா? மங்கல் வெளிச்சத்திலே படியில் முட்டுகின்றதா? அந்நியர் கையை நீட்டினால் உறுமுகின்றதா? குணமும் பரம்பரையில் வருவதே. கடிக்கின்ற கடுவனை "நல்ல காவல்" என்று புகழ்ந்து பெருக்குதல், அயல் வீட்டுக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

குட்டி பிறந்தபின் நடக்க வேண்டியவற்றை வைத்தியர் சொல்வார். நாம் இரண்டொன்றே குறிப்பிடுவோம். ஈனுமுன் நாயின் உடல்வெப்பம் 37 பாகைக்குக் கீழே இறங்கும்; வெப்பமானி வைத்து நாளுக்கு இருமுறை பார்த்துவந்தால், அன்றோ மறுநாளோ ஈனும் என்பதனை அறியலாம். பிறந்த குட்டிக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்திருக்கும் ஆற்றலில்லை. மார்கழி தை மாதத்து வாடைக்காற்றுப் படாத மூலையிலே பலகைப் பெட்டி ஒன்று வேண்டும்.

ஆனால் சற்று விரித்தே சொல்ல வேண்டியது மூன்றாம் வாரத்துக்குப் பின்னுள்ள காலத்தைப் பற்றி. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னுமிடத்து ஆய்வுகூடத்திலே ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965 இலே பெரியதொரு நூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையிலே குட்டி எவற்றோடு பழகுகின்றதோ அவற்றையே தன் உறவாகக் கொள்ளும். அக்காலத்தில் மனிதரையே காணாது வளர்ந்த குட்டி பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி ஓடும் என்பது அவர்கள் கண்ட பெரிய உண்மை. நடுக்கத்தோடு கூண்டு மூலையிற் பதுங்கும் குட்டியை "அடக்கமான குட்டி" என்று சொல்லி விற்பவர் உண்டு. அது அடக்கமன்று, அச்சம். அச்சமே பின்னாளிற் கடியாக மாறும். ஆகவே எட்டுக் குட்டியையும் நாள்தோறும் கையிலெடுத்து, அம்மி அரைக்கும் ஓசை, மோட்டார் சைக்கிள் இரைச்சல், குழந்தையின் அழுகை, கோயில் மணி, கிணற்றடி ஈரம் எல்லாவற்றையும் பழக்குதல் வளர்ப்பாளரின் கடன். தாயும் கூடப்பிறந்தவையும் கற்பிக்கும் பாடமும் உண்டு. விளையாட்டில் வன்மையாகக் கடித்த குட்டியை மற்றது கத்தி விலகும். கடியின் அளவை அது அப்படித்தான் கற்கின்றது. ஐந்தாம் வாரத்திலே பிரித்துக் கொடுக்கப்பட்ட குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. வாங்குவோர் அவசரப்படுத்தினாலும் எட்டு வாரத்துக்கு முன் கொடுத்தலாகாது.

இனிக் குட்டி தேடுவோருக்கு. கைப்பேசியிற் படம் பார்த்துப் பணம் அனுப்பி, பெட்டியில் அடைத்து பஸ்ஸில் வரும் குட்டியை இறக்கி எடுத்தல் குட்டி தெரிந்தெடுத்தல் ஆகாது. வீட்டுக்குப் போங்கள். முதலிற் குட்டியைப் பார்க்க வேண்டாம், தாயைப் பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காமல் திரும்பி வருக. தாய் உங்களைக் கண்டு வாலாட்டி வருமாயின் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பின்னர் இடத்தை மோந்து பாருங்கள். நாற்றம் பொய் சொல்லாது. அதன்பின் குட்டிகள். கண்ணிற் பீளையில்லாமை, மூக்கிற் சளியில்லாமை, வயிறு முரசுபோல் உப்பாமை (உப்பியிருந்தாற் பூச்சி), காதுமடலின் உட்புறத்தில் உண்ணி ஒட்டாமை ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணியை அற்பமென்று எண்ணற்க. உண்ணிக் காய்ச்சலால் எம்மூரிலே மடிந்த நல்ல நாய்கள் பல. குட்டி உறங்கும்போது, அதற்குக் காற்றும் நிலத்தின் அதிர்வும் படாதவாறு பின்னாலிருந்து மெல்லக் கைதட்டிப் பாருங்கள். கேட்கின்ற குட்டி காதை அசைக்கும். ஒரு காது மட்டும் கேளாதிருந்தால் இச்சோதனையில் அகப்படாது.

எல்லாவற்றிலும் முந்தி ஓடிவந்து காற்சட்டையைப் பிடித்திழுக்கும் குட்டியையே பிள்ளைகள் விரும்புவர். சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாதிருக்கலாம். நடுவிலே நிற்கும் குட்டி, அழைத்தால் வந்து, தூக்கினாற் சற்று நெளிந்து பின் அடங்கிவிடும் குட்டி, பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. எட்டு வாரம் அவற்றோடு கூடவிருந்தவர் வீட்டுக்காரர். நல்லவராயின் அவர் தெரிந்து தரும் குட்டியை ஏற்பது புத்தி. அவர் உங்களைக் கேள்வி கேட்டால் கோபிக்க வேண்டாம். வேலி அடைப்பு எப்படி, பகலில் வீட்டில் யார் இருப்பார், வெளிநாடு போகும் எண்ணமுண்டா என்று கேட்பவரே வாங்கத் தகுந்தவர். ஒன்றுங் கேளாது பணத்தை எண்ணுபவரைக் கண்டு அஞ்சுக.

ஒரு வகையினருக்குச் சாதி நாயே வேண்டாமென்று சொல்லத் துணிகின்றோம். 1990 இலே வலிகாமம் வடக்கு வெறிச்சோடிப் பல ஆண்டுகள் கழிந்தபின் ஊர் திரும்பி வீடு திருத்தியவர்களிலே, பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டிலிருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர். இலண்டனிலிருந்து மகன் காவலுக்கென்று ரொட்வைலர்க் குட்டி வாங்கப் பணம் அனுப்புகின்றான். ஓராண்டில் அது நாற்பது கிலோவாகும். எழுபது வயதுத் தந்தை சங்கிலியின் மறுமுனையில் இழுபட்டுப் போவார். அவருக்கு ஏற்றது, கோயில் வீதியில் நிற்கும் ஊர்நாயின் பெட்டைக் குட்டியொன்று. ஊசி போட்டு, கருத்தடை செய்து, திண்ணையில் ஒரு சாக்கு விரித்துவிட்டால் இரவிலே இலை விழுந்தாலும் குரைக்கும்; எம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு அது.

கீரிமலை அம்மையாருக்கு எம் விடை இதுவே. மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். இணை சேர்க்கும் முன்னரே எட்டு வீட்டின் பெயர் அதிலே எழுதப்படட்டும். அவற்றுள் நான்கேனும் பெட்டைக் குட்டியென்றே கேட்ட வீடாக இருக்க வேண்டும். உரிய வயதிற் கருத்தடை செய்விப்போமென்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வயதிலாயினும், எக்காரணத்தாலாயினும், அவர்களால் வைத்திருக்க இயலாத நாய் உங்கள் படலைக்கே திரும்பி வரும், நீங்கள் ஏற்பீர்கள் என்ற வாக்கை நீங்கள் கொடுக்க வேண்டும். கடுவனின் பரம்பரையையும் விசாரித்து எழுதுங்கள். கொப்பி நிரம்பினால், வைத்தியரிடம் நாயைக் காட்டி, அடுத்த பருவத்துக்கு இணை சேர்க்கலாம். நிரம்பாவிட்டால் அதே வைத்தியரிடம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறியுங்கள். கொப்பி நிரம்பாதென்றே நாம் எண்ணுகின்றோம்; எனினும் தம்பி எம்மைப் பொய்யாக்கினால் மகிழ்வோம்.

அவன் பொய்யாக்கிவிட்டானாயின், குட்டி கொடுக்கும் நாளுக்கு ஒரு குறிப்பு. இரண்டு வாரம் முன்னதாகவே எட்டுச் சாக்குத் துண்டை வெட்டித் தாயின் படுக்கையிலே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு குட்டியோடும் ஒரு துண்டைக் கொடுத்தனுப்புங்கள். புது வீட்டிலே முதலிரவு குட்டி அழும்; தாயின் மணமுள்ள துண்டை அதன் அருகில் வைத்துவிட்டு, வீட்டார் ஒருவர் பக்கத்திலே பாய் போட்டுப் படுத்தால் மூன்றாம் நாள் உறங்கிவிடும். அத்துண்டை முதல் வாரத்திலே தோய்க்க வேண்டாமென்று சொல்ல மறவாதீர்கள்.